வெறுந்தண்ணி ரீடிங்

சுற்றறிக்கையின் நான்கு மூலைகளிலும் அம்மா மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் சென்னையிலிருந்து வந்து பையை இறக்கி வைத்தபோது, கூடத்துப் பாயில் அறுபது தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஃபேன் போட்டால் பறக்கும் என்று அதை நிறுத்திவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். பல்கலைக்கழக முத்திரை, பதிவாளர் கையெழுத்து, என் பெயர், ஆய்வின் தலைப்பு, நாள், நேரம், இடம். கடைசி வரியில், ஆங்கிலத்தில், அனைவரும் வரலாம் என்ற வாசகம். முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு என்றால் அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும். யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் போடுகிறார்கள். துறையின் ஆராய்ச்சி மாணவர்கள் பத்துப் பேர், வடையும் காபியும் கிடைக்கும் என்று பக்கத்துத் துறையிலிருந்து நாலு பேர், அவ்வளவுதான் வழக்கமான கூட்டம்.

"இன்னாம்மா இது?"

"பத்திரிக. பிரபு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தான். எல்லாரும் வாங்கன்னு போட்டிருக்குதாமே. வெறும் வெள்ளக் காகிதத்த எப்படிடி குடுக்கறது, சாவு சேதி மாதிரி?"

முதல் பத்திரிகை உப்பள முதலாளிக்குப் போய்விட்டது. வெற்றிலை பாக்கோடு நீட்டியதில் அவர் ஆடிப்போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிட்டு, "சாப்பாடு உண்டா?" என்று கேட்டாராம். அம்மாவோடு பாத்தியில் உப்பு வாரும் செட்டில் மொத்தம் பதினாலு பெண்கள். ஜூன் மாதம், வெயில் கொளுத்துகிற சீசன், ஒரு நாள் வாராமல் விட்டால் முதலாளிக்கு வயிறு எரியும். ஆனாலும் பதினாலு பேருக்கும் தேர்வு நடக்கும் வெள்ளிக்கிழமைக்கு லீவு வாங்கிவிட்டாள். வேன் பேசியாகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இதை எப்படி நிறுத்துவது என்றுதான் யோசித்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு தடவை தலையை ஆட்டினேன்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் நாள். ஆய்வகத்தில் ஹாட்பிளேட்டில் டீ போட்டுக்கொண்டிருந்த சீனியர் தேவா, புதிதாக வந்த எங்கள் ஐந்து பேரையும் நிற்க வைத்து எந்தக் கல்லூரி என்று கேட்டான். எனக்கு முன்னால் நின்றவர்கள் சொன்னதெல்லாம் பேப்பரில் தரவரிசை வரும்போது முதல் பத்தில் இருக்கும் பெயர்கள். என் முறை வந்தது. எம்.எஸ்சி. படித்த சென்னைக் கல்லூரியைச் சொன்னேன். அதுவும் அந்த முதல் பத்தில் ஒன்றுதான். "சூப்பர். யூஜியும் அங்கதானே?" என்று டீயை வடிகட்டிக்கொண்டே தேவா கேட்டான். நான் தலையாட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை, கழுத்துதான் ஆடியது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். ஆறு வருடமாகியும் சமாதானம் ஆகவில்லை.

நான் பி.எஸ்சி. படித்தது மரக்காணத்தில் நாகம்மாள் கலை அறிவியல் கல்லூரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிற்கும்போது ஒரு பக்கம் கல்லூரியின் மஞ்சள் காம்பவுண்டு தெரியும், இன்னொரு பக்கம் உப்பளம். நிறுத்தத்துக்குப் பெயரே காலேஜ் ஸ்டாப். காலையில் நாங்கள் நோட்டுப் புத்தகத்தோடு இறங்குவோம், அம்மாவின் செட்டு தூக்குவாளியோடு இறங்கும். அவர்கள் வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கம். இதைச் சொல்வதில் என்ன கேவலம் இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு, "அது எங்க இருக்குது?" என்று தேவா அடுத்த கேள்வி கேட்பானே, அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்களே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

சேரும்போது கொடுத்த சான்றிதழ்கள் அலுவலகக் கோப்பில் ஒழுங்காக இருக்கின்றன, அவற்றில் ஒரு பொய்யும் கிடையாது. பட்டச் சான்றிதழில் பெரிய எழுத்தில் இருப்பதும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான், கல்லூரியின் பெயரை யாரும் தேடிப் படிப்பதில்லை. ஆகவே பட்டத்துக்கு ஆபத்தில்லை. ஆபத்து என் முகத்துக்குத்தான். ஒரு தலையாட்டலுக்குத் தீனி போட்டு ஆறு வருடம் வளர்த்திருந்தேன். அந்தச் சென்னைக் கல்லூரியிலிருந்து வந்த ஜூனியர் பெண் ஒருத்தி, "அக்கா, ஃபர்ஸ்ட் இயர்ல உங்களுக்கு இங்கிலீஷ் யாரு எடுத்தாங்க?" என்று ஆசையாகக் கேட்டபோது, பெயர் மறந்துவிட்டது என்றேன். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றிய குறிப்பில் பட்டங்களையும் வருடங்களையும் மட்டும் போட்டேன், கல்லூரிகளை விட்டுவிட்டேன். நெறியாளர் பாக்கியலட்சுமி மேடம் நல்லவர், கண்டிப்பானவர். ஆய்வகத்தில் ஒரு ரீடிங்கைத் திருத்தி எழுதினால்கூட நோட்டை மூஞ்சியில் எறிவார். அவர் முன்னால், அத்தனை பேர் முன்னால், என் கல்லூரித் தோழன் பிரபு எழுந்து நின்று, "நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அம்மாவைத் தடுத்துப் பார்த்தேன். இடம் சின்னது, நாற்காலி பத்தாது என்றேன்.

"நின்னுகினு பாக்கறோம்" என்றாள். "நாள் பூரா பாத்தியில நிக்கறவங்கதானே."

மறுநாள் பிரபுவைத் தேடிப் போனேன். அயோடின் உப்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவன் தரம் பார்க்கும் கெமிஸ்ட். பத்துக்குப் பத்து அறை, ஒரு மேடை, ஒரு வாஷ்பேசின், சுவரில் காலண்டர். போனபோது கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். குடுவையில் இருந்தது உப்புக் கரைசல் அல்ல, வெறும் தண்ணீர். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் வெறுந்தண்ணி பாக்குறியா?"

"டெய்லி. காலைல வந்ததும் மொத வேல இதான். பாக்கலன்னா எனக்கு அன்னிக்கு சோறு எறங்காது."

அந்த வார்த்தையைக் கண்டுபிடித்ததே அவன்தான். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் மெஷின் ஒன்று உறைபோட்டு மூடியிருக்கும். மூன்று வருடத்தில் அது ஓடி நாங்கள் பார்த்ததில்லை. குழாயில் வருவது கல்லூரி போர்வெல் தண்ணீர். உப்பளத்திலிருந்து சாலை அகலம்தான் தூரம் என்றால் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும்? சோப்பு நுரைக்காது. தலை குளித்தால் முடி கயிறாகும். முதல் பிராக்டிகலில், தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடி என்று மாதிரித் தண்ணீர் கொடுத்தார்கள், அதைக் குழாய்த் தண்ணீரில் கலந்துதான் செய்தோம். குடுவையில் தண்ணீர் ஒயின் நிறச் சிவப்பாக இருக்கும், பியூரெட்டிலிருந்து துளித் துளியாக விட்டால் ஒரு துளியில் சட்டென்று நீலமாகும், அதுவரை எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கும் விடை தாறுமாறாக வந்தது. எல்லாருக்கும் வாடிய கத்திரிக்காய் முகம். அப்போதுதான் பிரபு கடுப்பில், மாதிரித் தண்ணீரே சேர்க்காமல் குழாய்த் தண்ணீரை மட்டும் வைத்து செய்து பார்த்தான். பியூரெட்டிலிருந்து ஒன்பது மில்லி குடித்தது. விடையில் பாதிக்கு மேல் எங்கள் தண்ணீரின் சொந்தச் சரக்கு. அன்றிலிருந்து எந்தச் சோதனை என்றாலும் முதலில் வெறுந்தண்ணி, பிறகுதான் மாதிரி, கடைசியில் கழித்தல். யாரும் சொல்லித்தந்த தத்துவம் இல்லை. புத்தகத்தில் எங்கோ ஒரு ஓரத்தில் பிளாங்க் என்று இருந்ததை நாங்கள் பின்னால்தான் கண்டுபிடித்தோம். பரீட்சை ஹாலில்கூட ஒருவரை ஒருவர் "வெறுந்தண்ணி பாத்தியா?" என்று கண்ணாலேயே கேட்டுக்கொள்வோம்.

எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அவன் குடுவையை ஆட்டிக்கொண்டே, பழைய வகுப்பின் வாட்சப் குரூப்பில் என் சுற்றறிக்கையைப் போட்டதும் எத்தனை பேர் கைதட்டு அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வகுப்பில் மெடிக்கல் ஷாப் வைத்தவன், கண்டக்டர் ஆனவன், கல்யாணமாகி கூனிமேட்டில் இருப்பவள் எல்லாரும் அதில் இருந்தார்கள். "நம்ம காலேஜ்ல இருந்து மொத டாக்டர் நீதான்" என்றான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். கடைசியில் சொன்னது இதுதான்:

"பிரபு, அங்க வந்து நீ வாயத் தெறக்கக்கூடாது. கூட்டத்துல யார் வேணா கேள்வி கேக்கலாம்னு சொல்லுவாங்க. நீ எதுவும் பேசாத."

"நான் இன்னாத்துக்குப் பேசப் போறேன்? எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் வராதும்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே நெஞ்சில் குத்தியது. மானங்கெட்டவளே என்று என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேன் பல்கலைக்கழகத்துக்குள் வந்து நின்றது. பட்டுப் புடவை, கனகாம்பரம், கையில் தாம்பாளங்கள். வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை, பூ. நடுவில் ஒரு தட்டில் கோபுரமாகக் குவித்த கல்லுப்பு, உச்சியில் ஒரு மஞ்சள் கிழங்கு. காவலாளி இது என்ன கல்யாணமா என்று கேட்க, அம்மா அவருக்கும் ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்திருக்கிறாள். கருத்தரங்கு அறைக்குள் வரிசையாக வந்து தட்டுகளை மேடையில் வைத்தார்கள். தெற்கிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் பேராசிரியர் புருஷோத்தமன், உப்புத் தட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவின் செட்டு முழுவதும் அதைக் கவனித்தது. அந்த ஆள் அவர்களுக்குப் பிடித்துப்போனார்.

வருகைத் தாள் கூட்டத்தில் சுற்ற ஆரம்பித்தது. பெயர், பதவி, நிறுவனம், கையெழுத்து. பிரபு அதை வாங்கி, பெண்களுக்கெல்லாம் அவனே எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாங்கி அனுப்ப அவ்வளவு நேரமா என்று எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல்தான்.

மேடம் எழுந்து என்னை அறிமுகப்படுத்தினார். கையில், இன்னும் எங்கள் ஆய்வகத்திலேயே இருந்த தேவா எழுதிக் கொடுத்த சீட்டு. அவன் தேவைக்கு மேலேயே நல்லவன், அழகாக எழுதியிருந்தான். இளங்கலை, முதுகலை இரண்டும் அந்தச் சென்னைக் கல்லூரியில், இரண்டிலும் முதல் வகுப்பு என்று மேடம் ஆங்கிலத்தில் படித்தார். பதினாலு பேரும் புரியாமலே சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரபுவுக்குப் புரியும். தனக்கு வராது என்று சொன்ன இங்கிலீஷ் அந்த அளவுக்கு அவனுக்கு வரும். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எங்கோ தப்பு, இவள் திருத்துவாள் என்று காத்திருக்கிற பார்வை. நான் பிரசென்டேஷன் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்பது நிமிடம் பேசினேன். உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரைக் கடலுக்குத் திருப்பி விடாமல் அதிலிருந்து மெக்னீசியத்தைப் பிரித்தெடுப்பது என் ஆய்வு. பாத்திகளின் படம் திரையில் வந்ததும் பின்வரிசையில் சலசலப்பு. "நம்ம ஒன்பதாம் பாத்திடி" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். அறை முழுவதும் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். கேள்விகள் ஆரம்பித்தன. நன்றாகவே பதில் சொன்னேன். முடியப்போகிறது என்று மூச்சு விடும்போது புருஷோத்தமன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

இருநூற்றுப் பன்னிரண்டு நாள் சோதனைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வெறுந்தண்ணி ரீடிங்குகளை இணைப்பாகக் கொடுத்திருந்தேன். பக்கத்தை நிரப்புகிறாய் என்று ஆய்வகத்தில் கேலி செய்தார்கள். பல்கலைக்கழகத்துச் சுத்தத் தண்ணீருக்கு அது தேவையில்லை என்பது அங்கே எல்லாருடைய எண்ணம். புருஷோத்தமன் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆகஸ்ட் மாதம் பத்தொன்பது நாள் இந்த ரீடிங் எகிறியிருக்கிறது. உங்கள் தண்ணீர் சுத்திகரிப்பானில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் மட்டும் தினமும் பார்த்துக் கழித்திருக்கிறீர்கள். கழிக்காமல் விட்டிருந்தால் இந்த ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். நான் முப்பது ஆய்வேடு திருத்தியிருக்கிறேன். ஒரு நாள் தவறாமல் இதைச் செய்தவர் யாரும் இல்லை. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் பெருமையாக முந்திக்கொண்டார். என் ஆய்வகத்தில் இந்தப் பழக்கம் கிடையாது, இது அவளுடைய இளங்கலைக் கல்லூரியின் பயிற்சி, அஸ்திவாரம் நல்ல இடத்தில் போட்டால் அப்படித்தான் தெரியும் என்று சொல்லி, அந்தச் சென்னைக் கல்லூரியின் பெயரை இன்னொரு முறை சொன்னார். புருஷோத்தமன் தலையசைத்து, பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளப் போனார்.

பிரபு வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, முழங்கால் மேல் கைகளை வைத்து, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒன்பது மில்லியைக் கண்டுபிடித்தவன். அந்தப் பேனா தாளைத் தொட்டால் வெறுந்தண்ணி வேறு யாருக்கோ எழுதப்பட்டுவிடும். என் முகம் போனால் போகட்டும் என்று நான் துணிந்துவிட்டதாகச் சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

"இல்ல சார்" என்றேன். அதுவரை பேசிய ஆங்கிலம் அத்தனையும் காணாமல் போயிருந்தது. "நான் யூஜி அங்க படிக்கல. மரக்காணத்துல நாகம்மாள் காலேஜ். மேடத்துக்குத் தெரியாது. நான்தான் சொல்லல. எங்க காலேஜ் போர் தண்ணி உப்பு சார். வெறுந்தண்ணி பாக்காம ஒரு டைட்ரேஷன்கூட சரியா வராது. அதனால பழகிடுச்சு. மொதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. அதோ, அந்தக் கடைசி வரிசையில இருக்காரு, பிரபு. நானும் அவரும் ஒரே பெஞ்ச்."

மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புருஷோத்தமன் பேனாவை மூடவில்லை. பின்வரிசையைப் பார்த்து, தமிழில், "எழுந்திருங்க சார்" என்றார். பிரபு எழுந்து நின்றான். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உப்பு கம்பெனியில் அயோடின் அளவு பார்ப்பதாகச் சொன்னான்.

"இப்பவும் பிளாங்க் பாக்குறீங்களா?"

"டெய்லி சார்" என்றான் பிரபு. பிறகு என்னைப் பார்த்து, "பேசலாமில்ல?" என்று கேட்டான். அறை வெடித்துச் சிரித்தது. எனக்கு அங்கேயே, மேடையில் நின்றபடி, கண்ணீர் வந்துவிட்டது. அம்மா பதறி எழுந்துவிட்டாள். பாஸா ஃபெயிலா என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டது எனக்கே கேட்டது.

பாஸ்தான். அரை மணி நேரத்தில் அறிவித்துவிட்டார்கள். வாசலில் வடையும் காபியும் நடந்துகொண்டிருந்தபோது தேவா பக்கத்தில் வந்து நின்றான். சீட்டு எழுதியவன் என்பதால் கோபத்தோடு வருகிறான் என்று நினைத்தேன். அவன் வடையைப் பிய்த்துக்கொண்டே, "செய்யாறு பக்கத்துல ஒரு காலேஜ். பேரு சொன்னா உனக்குத் தெரியாது. நான் யூஜி அங்கதான்" என்றான். "அன்னிக்கு உங்க எல்லாரையும் நிக்க வெச்சு நான் ஏன் மொதல்ல கேட்டேன்னு நெனைக்கிற? என்ன யாரும் திருப்பிக் கேட்டுடக்கூடாதுன்னுதான்." எனக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவன் தட்டிலிருந்த இன்னொரு வடையை எடுத்துத் தின்றேன்.

மேடம் கடைசியாகக் கூப்பிட்டார். அறையில் இரண்டு பேர்தான். கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஆறு வருஷம்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை, அது திட்டியதை விட மோசமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்திட்டு வா, படிச்ச இடம் எல்லாம் முழுசா இருக்கணும். அப்புறம்தான் நூலகத்துக்குக் காப்பி போகும்" என்றார். பிறகு வருகைத் தாளின் நகல் ஒன்றை நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீ பேச ஆரம்பிக்கும்போதே இந்த ஷீட் என் கைக்கு வந்துடுச்சும்மா. நிறுவனக் கட்டத்த மட்டும்தான் பாத்தேன், ஏதோ நாகம்மாள் காலேஜாம், ஒரே காலேஜ்ல இருந்து பதினஞ்சு பேராசிரியர்கள் வந்திருக்காங்களேன்னு நான் பயந்தே போயிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. வேன் கிளம்பக் காத்திருந்தது, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வரும்போது வேனில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். முன்சீட்டில் பிரபு தன் போனில் குரூப்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். வேனில் ஏறியதும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன். "விடும்மா, மூணு வருஷமா என் மச்சான் வீட்ல நான் மேனேஜர்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். அதோடு சரி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா, நடுவில் நான் தமிழில் ஏன் பேசினேன், ஏன் அழுதேன் என்று கேட்டாள். தலையாட்டிய கதை முழுவதையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிதானமாக யோசித்தாள்.

"அந்த மெட்ராஸ் காலேஜ்ல நீ எத்தினி வருசம் படிச்ச?"

"ரெண்டு."

"இங்க?"

"மூணு."

"அப்ப மூணுதானே பெருசு" என்றாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. கடப்பாக்கம் வருவதற்குள் அவளும் தூங்கிவிட்டாள்.

நான் தாளை எடுத்துப் பிரித்தேன். முதல் பத்துப் பதினைந்து வரிகள் எங்கள் துறை ஆட்கள், ஆங்கிலத்தில். அதன் கீழே பிரபுவின் கையெழுத்து. பெயர், அடுத்த கட்டத்தில் கெமிஸ்ட், அடுத்து நாகம்மாள் கலை அறிவியல் கல்லூரி, மரக்காணம் என்று முழுசாக, கட்டத்துக்குள் இடம் பத்தாமல் நெருக்கி எழுதியிருந்தான். அதற்குக் கீழே பொன்னி என்று அம்மாவின் பெயர். பதவி என்ற கட்டத்தில் உப்பு வாருதல். நிறுவனம் என்ற கட்டத்தில், மேலே உள்ளபடியே என்பதற்குப் போடும் இரண்டு சின்னக் கோடுகள். அடுத்த பெயர், உப்பு வாருதல், இரண்டு கோடுகள். அதற்கடுத்த பெயர், மறுபடியும் இரண்டு கோடுகள். பதினாலு பெயர்களுக்கும் அந்தக் கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிப் போயின. நாலைந்து பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். உப்பு அரித்த கட்டைவிரல்களுக்கு ரேகை விழவில்லை, ரேஷன் கடை மெஷினிலேயே விழாதது தாளில் எங்கே விழும், நீல மையாக வட்டம் வட்டமாக இருந்தது.

அம்மாவை உலுக்கி எழுப்பினேன். "இதுல உங்க எல்லாரையும் நாகம்மாள் காலேஜ்னு போட்டிருக்குதே?"

பாதித் தூக்கத்தில் எட்டிப் பார்த்தாள். "ஆமா. எந்த எடத்துல இருந்து வர்றீங்கன்னு அந்தக் கட்டத்துல போடணும்னு பிரபு சொன்னான். டெய்லி நாம எறங்கறது காலேஜ் ஸ்டாப்புதானே, அதையே எல்லாருக்கும் போட்டுடுப்பான்னேன். தப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மரக்காணம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெளிர்மஞ்சளாக வர ஆரம்பித்தன. இன்றைக்கு வாராமல் விட்ட பாத்திகளில் உப்பு படிந்தபடியே கிடந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று கேட்டார். தூக்கத்திலிருந்து விழித்த நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில், "காலேஜ் ஸ்டாப்பு" என்றன. வேன் மஞ்சள் காம்பவுண்டை ஒட்டி நின்றது. காலித் தாம்பாளங்களையும், காகிதத்தில் சுற்றிய மிச்ச வடையையும் எடுத்துக்கொண்டு, கசங்கிய பட்டுப் புடவைகளை நீவியபடி, அவர்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கினார்கள். நான் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினேன்.